ஒரே பாவில் இரண்டாவது சேலை: பழைய வெர்னாவும் முகம் மாறிய வெர்னாவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுவிட்டு உடனே ஒருவனைப் பேச விடுவது பேசுகிறவனுக்கும் கஷ்டம், கேட்கிறவர்களுக்கும் கஷ்டம். தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். குறட்டை மட்டும் வேண்டாம். (சிரிப்பு)

சங்கப் பொறுப்பாளர்கள் "பழைய கார் வாங்குவது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். அது பெரிய கடல். அரை மணி நேரத்தில் நீந்த முடியாது. அதனால் ஒரே ஒரு காரை எடுத்துக் கொள்கிறேன். அதே கார், நடுவில் முகம் மாற்றி மறுபடி வந்தபோது என்ன ஆனது என்று பார்ப்போம். செவிலிமேட்டில் சின்னதாக ஒரு ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் சில வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பம்பர் வார்க்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கே கண்ணால் பார்த்ததும், இங்கே கையால் கழற்றிப் பார்த்ததும்தான் இன்று சொல்லப் போவது.

எடுத்துக் கொண்ட கார் ஹூண்டாய் வெர்னா. காரணம் இருக்கிறது. அது நம்ம ஊர் கார். செவிலிமேட்டிலிருந்து இருங்காட்டுக்கோட்டை சுமார் 40 கிலோமீட்டர்தான். விடியற்காலையில் காஞ்சிபுரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளில் நம் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தொழிற்சாலையிலிருந்து சாண்ட்ரோ 1998 செப்டம்பரில் வந்தது. அடுத்த ஆண்டு, 1999-ல், ஆக்சென்ட் வந்தது. அதே சமயத்தில் மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான். திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைச் செய்ய ஆரம்பித்திருந்தது. யோசித்துப் பாருங்கள், இரண்டே வருஷத்துக்குள் நம்மைச் சுற்றி மூன்று திசையில் டிக்கி வைத்த கார் மூன்று. அதற்கு முன்னால் நமக்கெல்லாம் கார் என்றால் அம்பாசடர், பத்மினி, மாருதி 800. அவ்வளவுதான். ஆக்சென்டின் வாரிசாகத்தான் 2006-ல் வெர்னா வந்தது.

சரி, ஃபேஸ்லிஃப்ட் என்றால் என்ன? பேரே சொல்கிறது, முகத்தைத் தூக்கி நிமிர்த்துவது. ஆனால் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை இங்கிலீஷில் சொல்லித்தான் புரிய வைக்க வேண்டுமா? நம் தறியில் ஒரு பாவு ஏற்றினால் பொதுவாக மூன்று சேலை எடுக்கிறோம். முதல் சேலை நெய்து அறுத்தாகிவிட்டது. இரண்டாவது சேலைக்கு ஊடை நிறத்தை மாற்றலாம். அட்டையை மாற்றி முந்தானையில் வேறு டிசைன் போடலாம். கடைக்காரர் பார்த்து "புதுசா இருக்கே" என்பார். ஆனால் பாவு மாறியதா? இல்லை. அகலம் மாறியதா? இல்லை. பாவில் ஒரு இழை தப்பாக இருந்தால் அந்தத் தப்பு இரண்டாவது சேலையிலும் வரும், மூன்றாவதிலும் வரும். பாவு தீர்ந்து வேறு பாவு பிணைக்கிற வரைக்கும் அதை யாராலும் மாற்ற முடியாது.

காரில் பாவு எது? தரைத்தகடு, தூண்கள், கூரை, கதவுகள். இதையெல்லாம் இரும்புத் தகட்டில் பெரிய பெரிய பிரஸ்ஸில் அடித்து எடுக்கிறார்கள். ஒரு கதவின் வெளித்தகடு ஒரே அடியில் வந்துவிடாது. முதல் டை தகட்டை இழுத்து உருவம் கொடுக்கும். அடுத்தது ஓரத்தை வெட்டும், அதற்கடுத்தது ஓட்டை போடும், இன்னொன்று விளிம்பை மடிக்கும். உள்தகட்டுக்கும் இதே மாதிரி தனியாக ஒரு செட். நாலு கதவுக்கும் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். பிறகு இவற்றையெல்லாம் பிடித்து வெல்டிங் செய்கிற சட்டங்கள். உடம்பின் அமைப்பை மாற்றினால் மோதல் சோதனையும் மறுபடி செய்ய வேண்டும். இத்தனை செலவையும் ஒரு கம்பெனி ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் தாங்கும். ஆனால் மூணு வருஷத்திலேயே எதிர்க்கடைக்காரன் புது காரோடு வந்து நிற்கிறான். என்ன செய்வது?

பம்பரை மாற்று! பம்பர் பிளாஸ்டிக். அதற்கு ஒரு மோல்டு போதும். அதுவும் டன் கணக்கில் எடையுள்ள எஃகு அச்சுதான், சும்மா இல்லை, ஆனாலும் கதவு டைகளோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. கிரில் பிளாஸ்டிக். ஹெட்லைட், டெயில் லைட் வெளியிலிருந்து வாங்குகிற சாமான். அலாய் வீல் போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற விஷயம். டேஷ்போர்டில் இருக்கிற டச் ஸ்கிரீன், மீட்டர் எல்லாம் அப்படியே. ஆகவே உலகத்தில் எந்தக் கம்பெனி ஃபேஸ்லிஃப்ட் செய்தாலும் கை வைக்கிற இடம் பெரும்பாலும் முன் பக்கமும் பின் பக்கமும்தான். பக்கவாட்டில் நின்று பாருங்கள், கதவும் கண்ணாடியும் கூரையும் பழையதுதான். நான் பம்பர் கம்பெனியில் இருந்தபோது, புது மாடல் வரப்போகிறது என்பது பேப்பரில் வருவதற்கு முன்னாலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஷெட்டுக்குள் புது மோல்டு வந்து இறங்கும். பழைய மோல்டை எண்ணெய் தடவி ஓரமாக வைப்போம். தூக்கிப் போட மாட்டோம். ஏனென்றால் ஏற்கெனவே ரோட்டில் ஓடுகிற வண்டிகள் இடித்துக் கொண்டு வந்தால் அவற்றுக்குப் பழைய பம்பர் வார்த்துக் கொடுக்க வேண்டுமே.

இது புதுசாக வந்த வித்தையும் அல்ல. நம் அம்பாசடரைப் பாருங்கள். 1950களின் கடைசியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் உடம்போடு வந்தது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பேர் மாறிக் கொண்டே வந்தது. கிரில்லும் மாறிக் கொண்டே வந்தது. பானெட்டைத் தூக்கினால் பல வருஷம் அதே 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். பிறகு 1990களில் இசுசு கம்பெனியின் 1817 சி.சி. இன்ஜினும் ஐந்து கியரும் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஆனால் ஓட்டினவர்களுக்குத் தெரியும், அது வேறு வண்டி! ஆக இரண்டு விதம் இருக்கிறது. முகம் மாறி உள்ளே மாறாதது ஒன்று. முகம் மாறாமல் உள்ளே மாறியது இன்னொன்று. 2014-ல் உத்தரபாராவில் உற்பத்தி நின்றபோது அந்த உடம்புக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயது.

வெர்னாவுக்கு வருகிறேன். முதல் வெர்னாவுக்கு 2010-ல் முகம் மாற்றி "வெர்னா டிரான்ஸ்ஃபார்ம்" என்று பேர் வைத்தார்கள். அடுத்த வருஷமே, 2011 மே மாதம், முற்றிலும் புதிய தலைமுறையான ஃப்ளூயிடிக் வெர்னா வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்ம் வாங்கினவர்கள் பாவம், தவணை பாதி கட்டுவதற்குள் வண்டி பழைய தலைமுறை ஆகிவிட்டது. தம்பிகள் இதை மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்: ஃபேஸ்லிஃப்ட் எப்போது வந்தது என்பதைப் போலவே, அடுத்த தலைமுறை எப்போது வரும் என்பதும் கணக்கு. 2011-ல் வந்த ஃப்ளூயிடிக் வெர்னாவுக்கு 2015 பிப்ரவரியில் "4எஸ்" என்று ஒரு ஃபேஸ்லிஃப்ட். என்னைக் கேட்டால் முதலில் வந்தது அழகு. அதன் வளைந்த உடம்போடு பொருந்தியிருந்த முகத்தை எடுத்துவிட்டு, கூர்மையான வேறு முகத்தை ஒட்டியது போல இருந்தது. இதற்கு என் ஒர்க் ஷாப் பையன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவனுக்கு 4எஸ்தான் பிடிக்கும். போகட்டும்.

இன்று விரிவாகச் சொல்ல வந்தது அதற்கடுத்த ஜோடி. 2017 ஆகஸ்டில் வந்த வெர்னாவும், அதற்கு 2020 மே மாதம் வந்த ஃபேஸ்லிஃப்டும். இந்த இரண்டும்தான் இன்று பழைய கார் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. புரோக்கர்கள் "ஒரே வண்டிதான் சார், இது புது முகம், அதனால ரேட் கூட" என்கிறார்கள். ஒரே வண்டிதானா? அங்கேதான் விஷயம்.

2017-ல் வந்தபோது அது உண்மையிலேயே புதுப் பாவு. முந்தைய வெர்னாவைவிட நீளம் கூடி 4440 மில்லிமீட்டர், அகலம் 1729, சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளி 2570-லிருந்து 2600. உடம்பில் உயர்வலிமை எஃகு 13 சதவீதமாக இருந்ததை 50 சதவீதமாக ஆக்கியிருப்பதாக கம்பெனி சொன்னது. கதவைச் சாத்தும்போது வருகிற சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. முந்தைய வெர்னா வேகமாகப் போகும்போது பின்பக்கம் மிதக்கிற மாதிரி இருக்கும் என்ற குறை இருந்தது. அது இதில் நன்றாகவே குறைந்தது. இன்ஜின் இரண்டு. 1591 சி.சி. பெட்ரோல், 123 குதிரைத்திறன். 1582 சி.சி. டீசல், 128 குதிரைத்திறன், இழுவிசை 260 நியூட்டன் மீட்டர். 2018-ல் இதோடு 1.4 லிட்டர் பெட்ரோல் ஒன்றும் விலை குறைவாகச் சேர்ந்தது. அந்த ஆண்டுக்கான "இந்தியன் கார் ஆஃப் தி இயர்" விருதும் இந்த வெர்னாவுக்குத்தான்.

குறை இல்லையா? இருந்தது. பின் சீட் தாழ்வு. கூரை பின்னால் சரிந்து இறங்குவதால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கிற மாதிரி இருக்கும். போட்டிக்கு நின்ற சியாஸிலும் சிட்டியிலும் பின்னால் கால் நீட்ட இடம் இதைவிடத் தாராளம். இந்தக் குறையை 2017-லேயே எல்லோரும் சொன்னார்கள்.

மூணு வருஷம் கழித்து, ஊரடங்கு நேரத்தில் ஃபேஸ்லிஃப்ட் வந்தது. முன் கிரில் பெரிதாகிக் கறுப்பாக மின்னியது. ஹெட்லைட் எல்.இ.டி. ஆனது. பம்பர் இரண்டும் புதுசு, அலாய் வீல் டிசைன் புதுசு. உள்ளே டச் ஸ்கிரீன் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலம், மீட்டர் டிஜிட்டல், போனிலிருந்தே காரைப் பார்க்கிற புளூலிங்க், கம்பியில்லாமல் போன் சார்ஜ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டேப் வைத்து அளந்தால் நீளம் அதே 4440, அகலம் அதே 1729, சக்கர இடைவெளி அதே 2600. கூரை அதே கூரை. அதாவது பின் சீட்டுக் குறையும் அதே குறை. மூணு வருஷமாக ஊரே சொன்ன ஒரு குறையை ஏன் சரி செய்யவில்லை என்று கம்பெனியைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. அது பாவில் இருக்கிற இழை. ஃபேஸ்லிஃப்டுக்கு அந்த இடத்தில் கை எட்டாது.

மாறியது எங்கே தெரியுமா? பானெட்டுக்குக் கீழே! அதுவும் கம்பெனி ஆசைப்பட்டு மாற்றியது அல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 புகை விதி வந்தது. பி.எஸ்.5-ஐத் தாண்டி ஒரே தாவலாக 4-லிருந்து 6. டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு அளவு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்க வேண்டும். கரித்துகள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5-க்கு. பழைய 1.6 இன்ஜின் இரண்டையும் வெர்னாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1497 சி.சி. பெட்ரோல், 115 குதிரைத்திறன். 1493 சி.சி. டீசல், அதுவும் 115, இழுவிசை 250. மூன்றாவதாக 998 சி.சி. டர்போ பெட்ரோல், 120 குதிரைத்திறன், அதற்கு இரட்டை கிளட்ச் வைத்த ஏழு கியர் தானியங்கிப் பெட்டி மட்டும். சாதாரண பெட்ரோலின் ஆட்டோமேட்டிக்கும் மாறியது. ஆறு கியர் பெட்டி போய், பெல்ட் மாதிரி வழுக்கிக் கொண்டே போகிற ஐ.வி.டி. வந்தது. டீசலுக்கு மட்டும் பழைய மாதிரி ஆறு கியர் ஆட்டோமேட்டிக் நீடித்தது.

கவனியுங்கள். முகம் புதுசு, ஆனால் பெட்ரோலில் 8 குதிரையும் டீசலில் 13 குதிரையும் குறைந்து போயின. விளம்பரத்தில் முகத்தைக் காட்டினார்கள், குதிரையைக் காட்டவில்லை. அதற்காக ஃபேஸ்லிஃப்ட் மட்டம் என்று சொல்ல வரவில்லை. புகை குறைந்தது நம் எல்லோருடைய மூச்சுக்கும் நல்லது. ஊருக்குள் ஓட்ட 1.5 பெட்ரோல் ரொம்ப மென்மை. ஐ.வி.டி. பெட்டி டவுன் நெரிசலில் சுகமோ சுகம். ஆனால் மலையேற்றத்தில், ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானுமாக லாரியைத் தாண்டும்போது, பழைய 1.6 டீசலின் இழுப்பு தனி. இரண்டையும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இப்போது டி.பி.எஃப். பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் காசு இழந்தவர்களை மாதா மாதம் பார்க்கிறேன். பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கிற ஒரு வடிகட்டி இருக்கும். நம் வெர்னாவின் பி.எஸ்.4 டீசலில் அந்தத் தொல்லை இல்லை. காபி வடிகட்டியில் தூள் சேர்கிற மாதிரி இதில் கரி சேரும். ஒரு அளவு சேர்ந்ததும் இன்ஜினே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு, அந்த வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி வரை சூடாக்கி, கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதற்கு வண்டி நல்ல வேகத்தில் கால் மணி நேரமாவது தொடர்ந்து ஓட வேண்டும். செவிலிமேட்டிலிருந்து காந்தி ரோடு போய், பட்டுக் கடையில் நிறுத்தி, ஒரு காபி குடித்து, திரும்பி வந்து நிறுத்தினால் அது எப்படி எரியும்? பாதி எரிந்து நிற்கும். மறுநாளும் அப்படியே. எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். ஆயில் குறைந்தால்தான் பயப்பட வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வண்டியில் ஏறினாலும் பயப்பட வேண்டும்.

போன வருஷம் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. வேறொரு கம்பெனியின் பி.எஸ்.6 டீசல், பேர் வேண்டாம். வாங்கி இரண்டு வருஷம், தினமும் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய வண்டி. மஞ்சள் விளக்கு எரிந்தபோது விற்பனையகத்தில் "ஒண்ணும் இல்லை, ஓட்டுங்க" என்றார்களாம். ஓட்டினார்கள், ஊருக்குள்ளேயே. வடிகட்டி கல்லாகிப் போனது. அந்த வீட்டு அம்மா கேட்டார், "வாங்கும்போது ஒருத்தர் கூட இதைச் சொல்லலியே தம்பி?" அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? வாரம் ஒரு நாள் பை-பாஸில் ஏறி, ராணிப்பேட்டை வரைக்கும் போய்த் திரும்பியிருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

நம் வகுப்புத் தோழர் ஒருவர் கதையைச் சொல்கிறேன். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பேர் சொல்லக் கூடாது என்று அனுமதி கொடுத்திருக்கிறார். (சிரிப்பு) செவிலிமேட்டில் நாலு தறி வைத்திருந்தவர். நெய்கிற ஆள் கிடைக்கவில்லை, பிள்ளைகளும் தறிக்குழியில் இறங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். இரண்டு தறியைக் கொடுத்துவிட்டு, பெங்களூரிலிருந்து கச்சாப் பட்டு வாங்கி வந்து இங்கே கொடுக்கிற வியாபாரமும் சேர்த்துப் பார்க்கிறார். மாதம் இரண்டு தடவை பெங்களூர். அந்தத் தறி விற்ற பணத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கார் வாங்க வேண்டும். புரோக்கர் இரண்டு வெர்னா காட்டினார். ஒன்று 2019, பழைய முகம், 1.6 டீசல். இன்னொன்று 2021, புது முகம், 1.5 டீசல். இரண்டுக்கும் நடுவில் நல்ல தொகை வித்தியாசம். அவருக்கு மனசெல்லாம் புது முகத்தில். மகளுக்குப் பேச்சு நடந்து கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டு வாசலில் புது முகமாக நிற்கட்டும் என்று ஆசை. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அந்தக் காசு எப்படி வந்த காசு என்பதுதான் என்னை உறுத்தியது.

நான் ஒன்றும் பிரசங்கம் செய்யவில்லை. "டேய், அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா" என்றேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டு வண்டியிலும் பின் சீட்டில் உட்கார வைத்தோம். பழசில் உட்கார்ந்துவிட்டு, "உக்காரலாம்டா, எழுந்திருக்கத்தான் முடியல" என்றார். புதுசிலும் உட்கார வைத்தோம். "இதுவும் அதேதான்டா" என்றார். நான் இவ்வளவு நேரம் மூச்சு பிடித்துச் சொன்னதை அந்தம்மா இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார். பிறகு இரண்டையும் பை-பாஸில் ஓட்டினோம். பழைய வண்டியின் கிளட்ச் தேய்ந்திருந்தது, அதைப் பேசி விலையில் கழித்தோம். 2019-தான் வாங்கினார். அம்மாவுக்கு உயரமாக ஒரு கெட்டி மெத்தை தைத்துப் போட்டாயிற்று. மிச்சமான பணம் ஜரிகைக்கும் பாவுக்கும் போனது. மிச்சமிருந்த தறியில் ஒன்று ஆள் கிடைத்தும் முதல் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தது, அது ஓட ஆரம்பித்தது. சம்பந்தி வீட்டில் கிரில்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இதே கேள்வியோடு நம் சங்கத்து சகோதரி ஒருவரும் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து வீடு, வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோயில். வருஷத்துக்கு ஒரு தடவை திருப்பதி. கிளட்ச் மிதித்து மிதித்துக் கால் வலி வேறு. அவருக்கு நான் ஃபேஸ்லிஃப்டைத்தான் சொன்னேன். ஆனால் 1.5 பெட்ரோல், ஐ.வி.டி. டீசல் பக்கமே போகாதீர்கள் என்றேன். டர்போ வேண்டுமா என்று மகன் கேட்டான். ஓட்டுவதற்கு அதுதான் ஜாலி, சந்தேகமே இல்லை. ஆனால் இந்த மாதிரி உலர் கிளட்ச் வைத்த பெட்டிகள் தேரோட்டக் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகும். அம்மா ஓட்டுகிற வண்டி, அம்மா இஷ்டம் என்று முடித்துவிட்டேன்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய வண்டிக்குப் புது முகம் மாட்டி விற்கிற வேலையும் நடக்கிறது. பம்பரும் கிரில்லும் லைட்டும் கடையில் கிடைக்கிற சாமான்தானே. அதனால் முகத்தைப் பார்த்து வருஷம் சொல்லாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தையோ கார்டையோ வாங்கி இரண்டு விஷயம் பாருங்கள். தயாரித்த மாதமும் வருஷமும் ஒன்று, இன்ஜின் கன அளவு இன்னொன்று. டீசலில் 1582 என்று இருந்தால் பழைய 1.6. 1493 என்றால் புதிய 1.5. பெட்ரோலில் 1591 பழசு, 1497 புதுசு. பெயின்ட் பூசி மறைக்க முடியாத எண் அது. பதிவு செய்த தேதியை மட்டும் பார்த்தால் ஏமாறலாம், வண்டி தயாரித்து மாதக்கணக்கில் யார்டில் நின்றுவிட்டும் பதிவாகும்.

எல்.இ.டி. ஹெட்லைட் பற்றி ஒரு வார்த்தை. இரவில் வந்தவாசி ரோட்டில் போகிறவர்களுக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும், அது உண்மை. ஆனால் பழைய வண்டியில் பல்பு போனால் பல்பு மாற்றுவோம். இதில் பெரும்பாலும் முழு லைட்டையும் மாற்ற வேண்டி வரும். பாலாற்றுப் பாலத்துப் பள்ளத்தில் மாட்டைத் தவிர்க்கப் போய் இடித்துக் கொண்டால் செலவு யோசித்துக் கொள்ளுங்கள். வாங்கும்போதே லைட்டின் உள்ளே ஈரம் படிந்திருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே வயதுக் கண்ணாடியா என்று பாருங்கள். ஒன்று மட்டும் புதுசாக மின்னினால் அந்தப் பக்கம் அடிபட்ட வண்டி.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு மாணவத் தம்பி சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்: "சார், 2023-ல் வந்த வெர்னா நல்லாயிருக்கா? அது ஃபேஸ்லிஃப்டா, புதுசா?" நல்ல கேள்வி. அது 2023 மார்ச்சில் வந்த புதுத் தலைமுறை, புதுப் பாவு. நீளம் 4535, சக்கர இடைவெளி 2670. பின்னால் கால் வைக்க இடம் கூடியது. ஆறு வருஷம் காத்திருந்து அந்தக் குறை அங்கேதான் தீர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. டீசல் இன்ஜின் அதில் கிடையாது. டர்போ பெட்ரோல் 160 குதிரைத்திறன். தம்பி, அதை வாங்கப் போகிறாயா, இல்லை அதைச் செய்கிற இடத்தில் வேலைக்குப் போகப் போகிறாயா என்று சீட்டில் எழுதவில்லை. வேலைக்கு என்றால் அசெம்பிளி லைனை மட்டும் பார்க்காதே. டூல் ரூம் என்று ஒரு இடம் இருக்கிறது, டையும் மோல்டும் செய்கிற இடம், பழுது பார்க்கிற இடம். இயற்பியல் படித்தவனுக்கும் அங்கே இடம் உண்டு, நான் போனேனே. எங்கே விசாரிப்பது, என்ன பயிற்சி வேண்டும் என்பதைக் கூட்டம் முடிந்ததும் வா, வாசலில் நின்று சொல்கிறேன்.

அந்தப் பக்கம் காபி வந்துவிட்டது.